லேசோ தீவின் உப்புக் குடிசைகளும் கடற்புல் கூரைகளும்

டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் இடையே உள்ள கட்டேகாட் கடலில் கிடக்கும் தட்டையான தீவு லேசோ. பரப்பு சுமார் 118 சதுர கிலோமீட்டர். மக்கள் ஏறத்தாழ 1,800 பேர். டென்மார்க்கின் உள்ளாட்சி வட்டாரங்களில் மிகக் குறைந்த மக்கள்தொகை கொண்டது இதுவே. யூட்லாண்டு தீபகற்பத்தின் வடக்கிலுள்ள ஃப்ரெடெரிக்ஸ்ஹவ்ன் துறைமுகத்தில் கப்பலேறினால் ஒன்றரை மணி நேரத்தில் தீவின் மேற்குக் கரையிலிருக்கும் வெஸ்டரோ வந்துவிடும். நடுவில் பியூரும் என்ற ஊர், கிழக்கே மீன்பிடித் துறைமுகமான ஓஸ்டர்பி. இந்த மூன்றையும் விட்டால் மிச்சமெல்லாம் புல்வெளி, மணல்மேடு, சவுக்குத் தோப்பை நினைவூட்டும் வரிசை வரிசையான பைன் மரங்கள், இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பண்ணை வீடுகள்.

கோடையில் வருகிறவர்கள் பார்க்கும் இடங்களும் அதிகமில்லை. விறகெரித்து உப்புக் காய்ச்சும் ஒரு குடிசை, கடற்புல்லால் வேய்ந்த சில பழைய வீடுகள், அருங்காட்சியகமாக்கப்பட்ட ஒரு பண்ணை, உப்புப் புல்வெளிக்குப் போகும் குதிரை வண்டி, பியூருமில் ஏறி நின்று கடலைப் பார்க்க ஒரு கோபுரம். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அச்சிட்ட அஞ்சலட்டைகளிலிருந்து எடுத்து வைத்தது போன்ற பட்டியல். பயணக் கையேடுகள் இவற்றைத் தனித்தனிக் காட்சிகளாகவே சொல்லிக்கொண்டு போகின்றன. உண்மையில் இவற்றில் பெரும்பாலானவை ஒரே நிகழ்ச்சித் தொடரிலிருந்து பிறந்தவை. உப்பு காட்டைத் தின்றது. காடு போனதால் மணல் வயலைத் தின்றது. வயல் போனதால் ஆண்கள் கடலுக்குப் போனார்கள். மரமும் வைக்கோலும் இல்லாத ஊரில், நிலத்தையும் வீட்டையும் தாங்கிய பெண்கள் கடல் ஒதுக்கியதைக் கொண்டு கூரை போட்டார்கள்.

தொடக்கம் நிலத்தின் அமைப்பில் இருக்கிறது. பனியுகத்தில் வட ஐரோப்பாவை அழுத்திக்கொண்டிருந்த பனிப்பாளங்கள் உருகியபின், பாரம் இறங்கிய நிலம் மெல்ல மெல்ல மேலே எழுந்துகொண்டிருக்கிறது. லேசோ அப்படிக் கடலுக்குள்ளிருந்து எழுந்த நிலம். தீவின் வடபகுதி சற்று மேடு. தெற்கே ரோனர்னே எனப்படும் புல்வெளி கடல்மட்டத்தை ஒட்டினாற்போல் பல கிலோமீட்டர் விரிந்து கிடக்கிறது. எங்கே நிலம் முடிகிறது, எங்கே கடல் தொடங்குகிறது என்று அங்கே நின்று சொல்வது கடினம். குளிர்காலப் புயல்களில் கடல்நீர் இந்தச் சமவெளியில் ஏறித் தேங்கும். கோடையில் வெயிலும் காற்றும் அந்த நீரைச் சுண்டவைக்கும். செறிவேறிய உப்புநீர் கனமானது என்பதால் மணலுக்குள் இறங்கும். மணலுக்கு அடியில் களிமண் படுகை இருப்பதால் அதற்குக் கீழே போக வழியில்லை. ஆண்டுக்கு ஆண்டு இப்படியே சேர்ந்து, கட்டேகாட் கடலில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு மட்டுமே உப்பு இருக்க, ரோனர்னேயில் சில அடி தோண்டினால் கிடைக்கும் ஊற்றுநீரில் 15 பங்கு வரை உப்பு இருக்கிறது.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். இரண்டரை விழுக்காடு உப்புள்ள கடல்நீரிலிருந்து ஒரு கிலோ உப்பு எடுக்கச் சுமார் 39 லிட்டர் நீரை ஆவியாக்க வேண்டும். 15 விழுக்காடு உள்ள ஊற்றுநீரில் ஆறு லிட்டருக்கும் குறைவாக ஆவியாக்கினால் போதும். தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் பாத்தி கட்டி நீரைத் தேக்கினால் மிச்ச வேலையை வெயில் பார்த்துக்கொள்ளும். உப்பு வாருவதுதான் மனித வேலை. டென்மார்க்கின் கோடைக்கு அவ்வளவு வலு இல்லை. அது வேலையில் ஒரு பகுதியை நிலத்துக்கடியில் முடித்துக் கொடுத்தது. மிச்சத்தை நெருப்புதான் செய்தாக வேண்டும்.

அந்த நெருப்பு 12-ஆம் நூற்றாண்டு வாக்கில் மூட்டப்பட்டு 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை எரிந்தது. உப்புக் குடிசையின் அமைப்பு எளிமையானது. சுற்றிலும் காற்றுக்குத் தடுப்பாகத் தாழ்ந்த மண்மேடு. உள்ளே இரும்புத் தகடுகளைச் சேர்த்துச் செய்த அகலமான, ஆழமில்லாத கொப்பரை. அதன் அடியில் அடுப்பு. பக்கத்திலேயே உப்பூற்றுக் கிணறு. நீர் சுண்டச் சுண்ட மேற்பரப்பில் மெல்லிய ஆடைபோல் உப்பு பூக்கும், கனத்ததும் அமிழ்ந்து அடியில் படியும். அதை ஒதுக்கி அள்ளிப் பின்னல் கூடைகளில் இட்டு வடியவிடுவார்கள். கூடையிலிருந்து சொட்டும் நீரோடு கசப்புத் தரும் மெக்னீசிய உப்புகளில் பெரும்பங்கு போய்விடும். கூடையில் நிற்பது நல்ல வெண்ணிற உப்பு. கூரை இடுக்குகள் வழியே நீராவியும் புகையும் சேர்ந்து வெளியேறும். உள்ளே நின்றவர்களுக்குக் கண்ணெரிச்சலும் வியர்வையும் அன்றாடப் பழக்கமாயிருந்திருக்க வேண்டும்.

இப்படி இயங்கிய குடிசைகளின் தடங்கள் ரோனர்னேயில் ஆயிரத்துக்கும் மேல் காணப்பட்டிருக்கின்றன. எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தவையல்ல. நிலம் உயர்ந்து கரை பின்வாங்கியபோது உப்பூற்றும் இடம் மாறியது. குடிசைகளும் அதன் பின்னே போயின. அதனால் இன்று புல்வெளியில் தெரியும் தாழ்ந்த வட்ட மேடுகள், பழைய கடற்கரைகள் எங்கெங்கே இருந்தன என்பதற்கும் ஒரு வகையில் சாட்சி.

இடைக்காலத்தில் லேசோ யூட்லாண்டிலுள்ள வீபோர்க் பேராலயத்தின் குருமார் சபைக்குச் சொந்தமாயிருந்தது. தீவுக்காரர்கள் கொடுக்கவேண்டியதை உப்பாகவே அளந்தார்கள். உமணர் வண்டிகளில் உப்பேற்றிப் போய் நெல்லுக்கு மாற்றிய காட்சி சங்கப் பாடல்களில் வருகிறது. உப்பு பணமாகப் புழங்கியதற்கு லேசோவும் அப்படியொரு எடுத்துக்காட்டு. உப்புக்கான தேவையைக் கிறித்தவ நாட்காட்டி உருவாக்கிக் கொடுத்தது. நோன்பு நாட்களில் இறைச்சி விலக்கு, மீனுக்கு விலக்கில்லை. கடலிலிருந்து வெகு தொலைவிலுள்ள நகரத்துக்கும் மீன் போய்ச் சேர வேண்டுமானால் அதை உப்பிட்டுப் பீப்பாயில் அடைக்க வேண்டும். டென்மார்க்கைச் சுற்றிய நீர்ப்பரப்புகளில் ஹெர்ரிங் மீன் வாரி வாரிக் கிடைத்தது, உப்புதான் பற்றாக்குறை. அந்தச் சந்தையின் பெரும்பங்கை வட ஜெர்மனியின் லூனபுர்க் நகரத்து நிலத்தடி உப்பு பிடித்து வைத்திருந்தது. லூபெக் வணிகர்கள் அதைக் கப்பலேற்றிக் கொழுத்தார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் லேசோ சிறிய வியாபாரிதான். ஆனாலும் ஒரு சிறு தீவின் காட்டுக்கு அந்தச் சிறிய வியாபாரமே தாங்கமுடியாததாக இருந்தது.

ஆறு லிட்டர் நீரைச் சுண்டவைக்கக் கொஞ்சம் விறகு போதும். நூற்றுக்கணக்கான ஆண்டுகள், நூற்றுக்கணக்கான கொப்பரைகள் என்று பெருக்கினால் கணக்கு வேறு. டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் தஞ்சை நாயக்கரிடம் இடம் பெற்றுக் கோட்டை கட்டத் தொடங்கிய 1620-இல் லேசோவின் குடிசைகள் இன்னும் புகைந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் தீவில் வெட்ட மரம் மிச்சமில்லாத நிலை நெருங்கிவிட்டது. 1652-இல் உப்புக் காய்ச்சுவது தடைசெய்யப்பட்டது. இதற்குள் பிரான்சின் அட்லாண்டிக் கரையிலிருந்து வெயிலில் விளைந்த மலிவு உப்பு வடகடல் துறைமுகங்களுக்கு வந்து நெடுங்காலமாகிவிட்டது. விறகு போட்டு விளைவித்த உப்பு அதோடு எத்தனை காலம் போட்டி போட்டிருக்கும் என்பதும் யோசிக்க வேண்டியதே. தடை வராதிருந்தாலும் தொழில் தானாகப் படுத்திருக்கும் என்றே தோன்றுகிறது.

தொழில் நின்றது, அதன் விளைவு நிற்கவில்லை. வேர்ப்பிடிப்பு இழந்த மணல் காற்றில் கிளம்பியது. அடுத்த இரண்டு நூற்றாண்டுகளில் தீவின் வடபகுதியில் வயல்கள் மணலில் புதைந்தன. தீவில் இன்று உயரமான இடம் என்று காட்டப்படும் மணற்குன்றுகளே அந்தப் பறந்த மணல் குவிந்தவைதான். முப்பது மீட்டரைத் தொடாத அந்த உயரமும் ஒரு பேரழிவின் மிச்சம் என்பதைக் குன்றேறும் பயணிகளில் பலர் கவனிப்பதில்லை. மணலைக் கட்டிப் போடும் பைன் தோட்டங்கள் 20-ஆம் நூற்றாண்டில்தான் பெரிய அளவில் வந்தன.

மணல் மூடிய மண்ணில் விளைவது போதாமல் ஆண்கள் கடலைப் பிழைப்பாக்கிக்கொண்டார்கள். வேனிலிலிருந்து பனி தொடங்கும்வரை கப்பல் வேலை, மீன்பிடிப்பு, சரக்குப் போக்குவரத்து. வீட்டில் நின்றவர்கள் பெண்கள். உழுவது, விதைப்பது, அறுப்பது, வைக்கோல் ஏற்றுவது, மாடு பார்ப்பது, வேலையாளுக்குக் கூலி பேசுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. டென்மார்க்கின் மற்றப் பகுதிகளில் ஆண் வேலை என்று கருதப்பட்டதெல்லாம் லேசோவில் பெண் வேலையாயிற்று. சுற்றுலா எழுத்துகள் இதைப் ‘பெண்களின் தீவு’ என்று மெருகேற்றிச் சொல்வதுண்டு. அதிகாரம் கொஞ்சம் கூடியது உண்மை. வேலை அதைவிட அதிகமாகக் கூடியது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம். அந்தப் பெண்கள் திருவிழா நாட்களில் அணிந்த உடை, மடிப்பு வைத்த பாவாடையும் கனத்த வெள்ளி நகைகளுமாக இன்றும் பெட்டிகளில் பாதுகாக்கப்படுகிறது. விசேஷ நாட்களில் வெளியே வருகிறது.

கடல் ஆண்களைக் கூட்டிக்கொண்டு போனதோடு வேறு சிலவற்றைக் கொண்டும் வந்தது. லேசோவைச் சுற்றியுள்ள மணல் திட்டுகள் கப்பல்களுக்குப் பொல்லாதவை. பால்டிக் கடலுக்கும் வடகடலுக்கும் இடையில் போய்வந்த கலங்கள் பெரும்பாலும் இந்த வழியாகவே போயின. இரவிலும் மூடுபனியிலும் தரைதட்டியவை ஏராளம். டென்மார்க் தன் முதல் விளக்குக் கப்பலை, அதாவது நங்கூரமிட்டு நிற்கும் மிதக்கும் கலங்கரை விளக்கத்தை, 1829-இல் நிறுத்தியது தீவுக்கு அருகிலுள்ள லேசோ ட்ரின்டெல் திட்டின் பக்கத்தில்தான். உடைந்த கப்பல்களின் ஓக் மரச்சட்டங்களும் பலகைகளும் மரமில்லாத தீவுக்கு வீடு கட்டும் சாமானாயின. பழைய வீடுகளின் உத்தரங்களை நெருங்கிப் பார்த்தால், வீட்டுக்கு எந்த வகையிலும் தேவைப்படாத துளைகளும் வெட்டுகளும் தெரியும். அந்த மரம் கப்பலில் இருந்த காலத்தில் ஏதோ ஒரு முளை அங்கே பொருந்தியிருந்திருக்கிறது.

வீட்டுக்கு மரச்சட்டம் இப்படிக் கிடைத்தது. கூரைக்கு என்ன செய்வது? நல்ல வைக்கோல் விளையும் வயல் குறைவு. இருப்பதும் மாட்டுக்கே போதாது. கரையில் மலைபோல் ஒதுங்கிக் கிடந்தது கடற்புல். இது பாசி வகையல்ல. கடலடியில் வேரூன்றிப் பூத்துக் காய்க்கும் செடி. பாக் விரிகுடாவில் ஆவுளியா மேயும் கடற்புல்லுக்குத் தூரத்து உறவு. நாடாபோல் நீண்ட இதன் இலைகள் இலையுதிர் காலப் புயல்களில் பிய்ந்து கரைசேரும். பெண்கள் அதை வண்டியில் ஏற்றி வந்து வயலில் பரப்புவார்கள். மழை அதன் மேலுள்ள அழுக்கைக் கழுவும், காற்று உலர்த்தும். நன்றாகக் காய்ந்தபின் அது கருத்து, நெகிழ்வும் உறுதியும் ஒருசேரக் கொண்ட நாராகிவிடும்.

கூரை வேய்வது ஊர் கூடிச் செய்யும் வேலை, அதுவும் பெண்களின் வேலை. உலர்ந்த கடற்புல்லை வைக்கோற்பிரி திரிப்பதுபோல, ஆனால் அதைவிடப் பலமடங்கு பருமனாக முறுக்குவார்கள். ஒருமுனை மெலிந்தும் மறுமுனை பருத்தும் இருக்கும் இந்தப் பிரிகளின் மெலிந்த கழுத்தை, இறவாரத்தை ஒட்டிய முதல் சில வரிச்சுகளில் நெருக்கமாகச் சுற்றிக் கட்டுவார்கள். பருத்த பகுதி வெளியே தொங்கும். கூரையின் கீழ்விளிம்பை உறுதியாகப் பிடித்துக்கொள்வது இந்த வரிசைதான். அதற்குமேல் முறுக்காத கடற்புல்லை அள்ளி அள்ளி ஏற்றி, மேலே ஏறி மிதித்து அமுக்குவார்கள். முகடு வரை இப்படியே போய், உச்சியில் புதர்ச்செடி வேரோடு பெயர்த்த மண்கட்டிகளை வரிசையாக வைத்து அழுத்தம் கொடுப்பார்கள். வேலை முடிந்த மாலையில் வீட்டுக்காரர் செலவில் சாப்பாடும் குடியும் ஆட்டமும் உண்டு. கூலி என்று தனியாக இல்லை. அடுத்த வீட்டுக் கூரைக்கு இந்த வீட்டார் போகவேண்டும் என்பதே கணக்கு.

இப்படி அமைந்த கூரை ஒரு மீட்டர் தடிமன் வரை வரும். எடை பல டன். வெளியிலிருந்து பார்த்தால் குட்டைச் சுவர்மேல் ஒரு வைக்கோற்போரே ஏறி உட்கார்ந்திருப்பதுபோல் தெரியும். சன்னல்கள் அதன் நிழலுக்குள் ஒளிந்துகொள்ளும். காலப்போக்கில் கடற்புல் ஒன்றோடொன்று இறுகி ஒரே கட்டியாகிவிடுகிறது. மேலே புல்லும் பாசியும் முளைக்கின்றன. கவனிக்காமல் விட்டால் சிறு செடிகளும் வளர்கின்றன. உள்ளே மட்டும் ஈரம் இறங்காது. கடற்புல்லில் ஊறியிருக்கும் உப்பும் தாதுக்களும் அதை மட்கவிடுவதில்லை, பூச்சி அரிக்கவிடுவதில்லை, எளிதில் தீப்பிடிக்கவும் விடுவதில்லை. தென்னங்கீற்றுக் கூரையை இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை மாற்றிப் பழகியவர்களுக்கு இது நம்பமுடியாததாக இருக்கும்: லேசோவில் இருநூறு ஆண்டைத் தாண்டிய கூரைகள் இன்னும் வீட்டைக் காத்துக்கொண்டிருக்கின்றன. கடற்புல்லை மெத்தைக்கும் சுவரடைப்புக்கும் பயன்படுத்துவது டென்மார்க்கின் வேறு கரைகளிலும் இருந்தது. இவ்வளவு தடித்த கூரையாக அதை வளர்த்தெடுத்தது லேசோ.

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தீவில் இப்படிப்பட்ட வீடுகள் 250 வரை இருந்தன. இன்று அதில் பத்தில் ஒரு பங்கு அளவே மிச்சம். சரிவுக்குக் காரணம் ஒன்றல்ல. வாங்கக்கூடிய விலையில் ஓடும் பின்னர் கல்நார்த் தகடும் வந்தன. பெரிய சன்னலும் உயரமான சுவரும் வேண்டும் என்ற ஆசை வந்தது. கூட்டு உழைப்புக்கு ஆள் குறைந்தது. இவையெல்லாம் மெதுவாக நடந்துகொண்டிருக்கையில் 1930-களின் தொடக்கத்தில் அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் கடற்புல்லை ஒரு நோய் தாக்கியது. கடலடிப் படுகைகள் சில ஆண்டுகளிலேயே வெறுமையாயின. கரையில் ஒதுங்க எதுவும் இல்லாதபோது கூரையைப் பழுதுபார்க்கும் வழக்கமும் அற்றுப்போனது. திரிக்கத் தெரிந்த கைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அடுத்த தலைமுறைக்குச் செய்து காட்டப் பொருளே இல்லை.

இதே காலத்தில்தான் தீவு வெளியாருக்குக் காட்சியாக மாறத் தொடங்கியது. துறைமுகங்கள் சீர்பட்டிருந்தன, நிலப்பகுதியிலிருந்து கப்பல் ஒழுங்காக வந்தது, நகரத்துக் குடும்பங்கள் கடற்குளியலுக்கும் நல்ல காற்றுக்கும் இடம் தேடின. பியூருமில் 1920-களில் எழுந்த பார்வைக் கோபுரம் அந்தக் காலத்தின் மனப்போக்கைக் காட்டுகிறது. சுற்றிலும் மட்டமான நிலம் என்பதால் சிறிது உயரம் ஏறினாலே தீவு முழுவதும் கண்ணுக்குள் அடங்கிவிடும். அதற்காகவே ஒரு கோபுரம். இன்று அதில் ஏறுகிறவர்களுக்கு நிலக்காட்சியோடு, நூறாண்டுக்கு முன் ‘பார்க்க வேண்டியது’ என்றால் என்ன என்பதும் காணக் கிடைக்கிறது.

அருங்காட்சியகப் பண்ணை அதைவிடப் பழையது, அதைவிட அடக்கமானது. நடு முற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் கட்டடம், எல்லாவற்றின் மேலும் கடற்புல் கூரை. தலையைக் குனிந்துதான் உள்ளே போகவேண்டும். சுவருக்குள் பெட்டிபோல் அடங்கிய படுக்கைகள், அடுப்பு, கைத்தறிச் சாமான்கள், கடலோடிகள் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பீங்கான். ஏழ்மையையும் உலக வணிகத்தையும் ஒரே அறையில் வைத்துப் பார்க்க வாய்ப்புள்ள இடங்கள் அதிகமில்லை. வெஸ்டரோவில் கடல்தொழிலுக்கும் மீன்பிடிப்புக்கும் தனியாக ஓர் அருங்காட்சியகம் உண்டு.

உப்புக் குடிசையின் கதை வேறு மாதிரி. பார்க்கிறவர்கள் அதையே தீவின் மிகப் பழைய காட்சியாக எடுத்துக்கொள்கிறார்கள். வயதில் அது கோபுரத்தைவிட மிக இளையது. ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தின் இடைக்காலத் தொல்லியலாளர் யென்ஸ் வெல்லேவ் ரோனர்னேயின் மேடுகளை அகழ்ந்து, கொப்பரையும் அடுப்பும் இருந்த விதத்தை ஆராய்ந்தார். அந்த அறிவை வைத்து 1991-இல் ஒரு குடிசை மறுபடியும் கட்டப்பட்டு நெருப்பு மூட்டப்பட்டது. வேலையில்லாதவர்களுக்கு வேலை தரும் முயற்சியாகவும் அது இருந்தது. 1652-க்குப் பிறகு அணைந்திருந்த தொழில், மூன்று நூற்றாண்டு கழித்து ஒரு பரிசோதனையாகத் தொடங்கி வியாபாரமாக நிலைத்தது. இருண்ட குடிசைக்குள் ஆவி பறக்கும் கொப்பரையருகே நின்று உப்பு எப்படிப் பிடிக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வெளியே வரும்போது துணிப்பையில் கட்டிய உப்பு வாங்கலாம். கோபன்ஹேகனின் நல்ல உணவகங்களில் லேசோ உப்பு என்று பெயர் சொல்லியே பரிமாறுகிறார்கள். அடுப்புக்குத் தீவின் தோட்டக்காட்டு விறகு. மணலைத் தடுக்க நட்ட மரம் உப்புக்கு எரிகிறது; இம்முறை நடுவது எவ்வளவு, வெட்டுவது எவ்வளவு என்று கணக்கு வைத்துக்கொண்டு. வெஸ்டரோ துறைமுகத்தில் வழிபாடு நின்றுபோன ஒரு தேவாலயத்தைத் தோல்நோய்க்காரர்களும் ஓய்வு தேடுவோரும் உப்புநீரில் மூழ்கிக் கிடக்கும் குளியலகமாக மாற்றியிருக்கிறார்கள். தேவாலயச் சன்னல் வெளிச்சத்தில் மிதப்பதைச் சிலர் ரசிக்கிறார்கள், சிலருக்கு அது உறுத்துகிறது.

ரோனர்னேக்குக் குதிரை வண்டியில் போவது இன்னும் நடக்கிறது. ஈரமும் மணலும் கலந்த தரையில் அகலச் சக்கர வண்டி ஆடிக்கொண்டே போகும், வண்டிக்காரரே வழிகாட்டி. பழைய உப்புமேடுகள், மேயும் ஆடுமாடுகள், கடற்பறவைகள் என்று நிறுத்தி நிறுத்திக் காட்டுவார். மேய்ச்சல் நின்றால் புதர் மண்டிப் புல்வெளியே மறைந்துவிடும் என்பதால் அந்த ஆடுமாடுகளும் பாதுகாப்பு ஏற்பாட்டில் ஒரு பகுதி.

உப்போடு தொடர்பில்லாத ஒரு மரபும் தீவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. வட ஐரோப்பாவின் பழைய கருந்தேனீ இனம் மற்ற இடங்களில் இத்தாலியத் தேனீயோடு கலந்து அருகிப்போக, கடல் சூழ்ந்த லேசோவில் அது தங்கிவிட்டது. 1993-இல் டென்மார்க் அரசு தீவில் வேறு இனத் தேனீ வளர்ப்பதைத் தடுத்து விதி செய்தது. மஞ்சள் தேனீ வளர்த்த ஒருவர்மேல் வழக்குப் போடப்பட, அவர் ஐரோப்பியப் பொதுச்சந்தையின் சரக்குப் போக்குவரத்துச் சுதந்திரத்தைக் காட்டி வாதாட, விவகாரம் லக்சம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 1998 டிசம்பரில் நீதிமன்றம், அழியும் நிலையிலுள்ள ஓரினத்தைக் காக்க அத்தகைய தடை செல்லும் என்று தீர்ப்பளித்தது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கப்படும் தீர்ப்பு அது. தீவில் தகராறு அதோடு ஓயவில்லை. பிற்பாடு நிலத்தை இரு தேனீக்களுக்கும் பகுத்துக்கொடுக்கும் ஏற்பாடு ஒன்று தேவைப்பட்டது.

ஓஸ்டர்பியில் நார்வே இறால் எனப்படும் மெலிந்த, இளஞ்சிவப்புச் சிங்கி இறால் இனம் இறங்குகிறது. டென்மார்க்கில் அதற்குப் பேர்போன துறை இது. கோடையில் அதற்கென்று ஒரு விழாவே நடக்கிறது.

கடற்புல் கூரைகளை மீட்கும் வேலை 21-ஆம் நூற்றாண்டில்தான் ஒழுங்காகத் தொடங்கியது. முதல் தடை பொருள். லேசோ கரையில் பழைய அளவுக்குப் புல் ஒதுங்குவதில்லை. டென்மார்க்கின் தெற்கிலுள்ள மோன் தீவை ஒட்டிய பகுதிகளில் அறுவடையாகும் கடற்புல்லைக் கப்பலில் வரவழைக்க வேண்டியிருந்தது. இரண்டாவது தடை கைத்திறன். சொல்லிக் கொடுக்க ஆளில்லாததால், கூரை வேய்வோர் இடிந்த பழைய கூரைகளை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்த்து, பிரி எந்தப் பக்கம் முறுக்கப்பட்டிருக்கிறது, எத்தனை வரிச்சில் கட்டப்பட்டிருக்கிறது என்று கண்டறிந்தார்கள். ஊர்ப் பெண்கள் ஒன்றிரண்டு நாளில் முடித்ததைச் சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்யும்போது செலவு கனத்தது. பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்ற பட்டமும் அறக்கட்டளைப் பணமும் இல்லாமல் தனி வீட்டுக்காரர் அதைத் தாங்குவது கடினம்.

கட்டட மரபைக் காக்கும் ரியால்டானியா நிறுவனம் 1865-இல் கட்டிய ‘காலினே வீடு’ என்ற சிறிய கடற்புல் வீட்டை வாங்கி 2012-இல் சீரமைத்து முடித்தது. மறு ஆண்டு, வண்ட்குன்ஸ்டன் என்ற கட்டடக் கலைஞர் குழுவின் வடிவமைப்பில் ஒரு புதிய கடற்புல் வீட்டையும் எழுப்பியது. பழைய முறையில் புல்லைத் திரித்துக் குவிக்காமல், பின்னல் வலைப்பைகளில் அடைத்து நீண்ட உருளைகளாக்கிக் கூரையிலும் சுவரிலும் வரிசையாகப் பதித்தார்கள். சட்டகத்துக்குள் வெப்பக் காப்பாகவும் அதே கடற்புல்தான். தடிமன் பழைய கூரையில் ஒரு சிறு பங்கே. ஆகவே சன்னல்கள் பெரிதாக வைக்க முடிந்தது, சுவரும் கூரையின் பாரத்தில் குனியவில்லை. இரண்டு வீடுகளும் விடுமுறைக்கு வருவோருக்கு வாடகைக்கு விடப்படுகின்றன.